கருத்தா இல்லாத வாக்கியங்கள்

பிரதேச சபையின் முதல் அமர்வில் தவிசாளர் வாசிக்கிற உரையை இலக்கியப் பிரதியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும், முகநூலில் பொன்னாடைப் படம் வரும், அத்தோடு சரி. ஒரு கவிதையில் அடைமொழி கூடிப்போனால் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிற நாங்கள், எங்கட கடையையும் எங்கட மையவாடியையும் எங்கட தெருவிளக்கையும் தீர்மானிக்கிற உரைநடையை வாசிக்காமலே விட்டுவிடுகிறோம். சுற்றுநிருபம், வர்த்தமானி, சபைத் தீர்மானம், பெயர்ப்பலகை எல்லாம் தமிழில் எழுதப்படுகிறவைதாம். தமிழைப் பாடமாகப் படித்தவனுக்கு அவற்றின் மேலும் ஓர் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த உரிமையை எடுத்துக்கொண்டு, உள்ளூராட்சி மன்றங்கள் இன சமத்துவம் பற்றிச் சொன்னவற்றையும் செய்தவற்றையும் பிரதிகளாக வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2025 மே 6ஆம் திகதி தேர்தலுக்குப் பின் நாடெங்கும் சபைகள் கூடின. அதற்கு முன், 2023 மார்ச் மாதம் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலாக, தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபைகளை நடத்தினார்கள். புதிய சபைகள் கூடியபோது எந்தக் கட்சியின் தவிசாளர் பேசினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்தது: இன, மத, மொழி பேதமின்றி அனைவருக்கும் சமமான சேவை வழங்கப்படும். ஆள் மாறும், கட்சி மாறும், வாக்கியம் மாறாது.

இந்த வாக்கியத்தைப் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, சொல்லிலக்கணம் பார்க்கச் சொன்னேன். எழுவாய் 'சேவை', பயனிலை 'வழங்கப்படும்' என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே சொல்லிவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பொடியன் மட்டும் கேட்டான்: "சேர், வழங்கிறது ஆர்?" 

அவனுக்கு அன்று நான் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். செயப்பாட்டுவினையில் செயப்படுபொருள் எழுவாயின் கதிரையில் உட்கார்ந்துகொள்ளும். செய்கிறவர் 'ஆல்' உருபோடு வரவேண்டும், 'சபையால் வழங்கப்படும்' என்று. வராமல் விட்டாலும் வாக்கியம் பிழையில்லை. இந்தச் சலுகையைத்தான் நிர்வாகத் தமிழ் நல்ல விதமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. எங்கள் இலக்கணகாரர் இதில் இன்னும் நுட்பமானவர்கள். செய்கிறவரைக் கருத்தா என்றார்கள். அதையும் இரண்டாகப் பிரித்தார்கள்: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவினவன். தச்சன் கட்டினான் என்றால் அவன் கையால் செய்தவன். இனப் பாகுபாடு என்ற விடயத்தை ஆராய இதைவிடக் கூரான கருவி வேறு மொழியில் இருக்கிறதா என்பது சந்தேகம். யார் ஏவினார், யார் இயற்றினார் என்ற இரண்டு கேள்வியும் தனித்தனியே கேட்கப்பட வேண்டியவை.

அதே வாக்கியத்தில் 'பேதமின்றி' என்ற சொல்லும் யோசிக்க வைக்கிறது. எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே வரிசை, ஒரே யன்னல் என்றால் பேதம் இல்லைதான். அந்தப் படிவம் ஒரு மொழியில் மட்டும் இருந்தால்? சமம் வேறு, ஒப்புரவு வேறு. ஒப்புரவு என்ற சொல்லுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார். நீதிமன்றத் தமிழிலும் அந்தச் சொல் புழங்குகிறது. ஆனால் சபை உரைகளில் நான் அதைக் கண்டது அருமை. ஆளின் நிலைமை அறிந்து செய்வது ஒப்புரவு. ஆளையே பார்க்காமல் செய்வதுதான் 'பேதமின்றி'.

மொழியென்று வந்ததால், எல்லாச் சபை உரைகளுக்கும் மேலே இருக்கிற பெரிய பிரதியையும் ஒருக்கால் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரை சிங்களத்தை அரசகரும மொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோது அந்த வசனம் திருத்தப்படவில்லை. அதன் கீழே இன்னொன்று சேர்க்கப்பட்டது: தமிழும் ஓர் அரசகரும மொழி என்று. இங்கே 'உம்' என்ற இடைச்சொல்லைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தொல்காப்பியரும் நன்னூலாரும் உம்மைக்கு எட்டுப் பொருள் சொன்னார்கள்: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். 'தமிழும்' என்பதில் இருப்பது எச்ச உம்மை. முன்னே ஒன்று முடிந்துவிட்டது, அதைத் தழுவிக்கொண்டு இதுவும் வருகிறது என்ற பொருள். ஆனால் அதற்கு அடுத்த 19ஆவது உறுப்புரை, தேசிய மொழிகள் எவை என்று சொல்லும்போது, சிங்களத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. அது எண்ணும்மை. இரண்டும் ஒரே தட்டில். ஒரே பக்கத்தில், ஒரே மொழிக்கு, இரண்டு விதமான 'உம்'. முதலாவது உம்மையில் விருந்தாளி, இரண்டாவது உம்மையில் பங்காளி.

இது வெறும் இலக்கணக் கூர்மை என்று சிலர் சொல்லக்கூடும். 22ஆவது உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். அப்படியிருந்தும் ஒரு திணைக்களத்துக்கு, பெயர் வேண்டாம், நான் தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குச் சிங்களத்தில்தான் பதில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போய், கடைசியில் பேக்கரி முதலாளி ஒருவர்தான் வாசித்துச் சொன்னார். 'இன்னும் ஓர் ஆவணம் இணைக்கவும்' என்பதுதான் விடயம். அதற்குள் இறுதித் திகதி கடந்துவிட்டிருந்தது. எச்ச உம்மை அலுவலகத்தில் நடைமுறையாகும்போது இப்படித்தான் இருக்கும்.

இனி, சமத்துவ வாக்கியத்துக்கு நேர் எதிரான ஒரு பிரதிக்கு வருகிறேன். 2019 ஜூன் மாதம் புத்தளம் மாவட்டத்தின் வென்னப்புவ பிரதேச சபையிலிருந்து ஒரு கடிதம் வெளியானது. தங்கொட்டுவ வாராந்தச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் வியாபாரம் செய்வதற்குத் தடை. ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல் நடந்து இரண்டு மாதம். மே 13இல் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை, நாத்தாண்டி பக்கங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைக்கப்பட்டு ஒரு மாதம் சொச்சம். அந்தச் சூட்டில் எழுதப்பட்ட கடிதம். மாரவில நீதவான் நீதிமன்றம் தலையிட்டு அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. நீதிமன்றத்துக்கு நன்றி. எனக்கு இங்கே முக்கியம் கடிதத்தின் நடை.

அதில் கருத்தா இருந்தார். சபையின் முகவரித் தாள், தவிசாளரின் கையொப்பம். இடம் இருந்தது: இன்ன சந்தை. ஆள் இருந்தார்கள்: இன்ன இனத்து வியாபாரிகள். தவிசாளர் தன் அதிகாரம் எங்கேயிருந்து வருகிறது என்று சரியாக அறிந்திருந்தார். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சந்தைகளைச் சபையின் கையில் கொடுத்திருக்கிறது. அதே அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை இனத்தின், மதத்தின், மொழியின் பேரால் பாரபட்சம் காட்டலாகாது என்றும், கடைகளுக்குள் போகத் தடை போடலாகாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரதி கொழும்பிலே இருக்கிறது. சந்தைச் சாவி சபையிலே இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தைத் திரும்ப வாசியுங்கள். பாகுபாடு எழுதப்பட்டபோது கருத்தா, இடம், ஆள், நாள் எல்லாம் துல்லியமாக இருந்தன. சமத்துவம் எழுதப்படும்போது ஒன்றும் இல்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோதும் அவகாசம் இரண்டு மணித்தியாலம் என்று எண் சொல்லித்தான் வெளியேற்றினார்கள். அநியாயம் செய்கிறவர் யாரும் பொத்தாம்பொதுவாக எழுதுவதில்லை. ஒரு சபையின் சமத்துவ உறுதிமொழியை நான் அளக்கிற கோல் இதுதான்: தங்கொட்டுவக் கடிதம் எவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டதோ அவ்வளவு துல்லியமாக அது எழுதப்பட்டிருக்கிறதா?

கொவிட் காலத்துப் பிரதிகளில் ஏவினவரையும் இயற்றினவரையும் பிரித்தறிவது இன்னும் அவசியமாகிறது. 2020 மார்ச் மாதம் 31ஆம் திகதி முதல் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. கொவிட்டில் இறந்தவரின் உடல் தகனம் செய்யப்பட வேண்டும் என்ற பொருளில். உலக சுகாதார நிறுவனம் அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று சொல்லியிருந்தது. ஏவுதற் கருத்தா சுகாதார அமைச்சு. இயற்றுதற் கருத்தா யார்? நாட்டின் தகன மயானங்களில் பெரும்பாலானவை உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சொந்தம். ஆக, 'இன, மத பேதமின்றி' என்று வாசித்த சபைகளின் அடுப்புகளில்தான் எங்கட ஜனாஸாக்கள் எரிந்தன. 20 நாள் குழந்தை ஒன்றும் எரிக்கப்பட்ட பிறகு, டிசம்பரில், பொரளை மயான வேலியில் எல்லா இனத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் துணியை நினைவூட்டும் அந்த வெள்ளையை விளக்க ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

2021 பெப்ரவரி 25இல் அடக்க அனுமதித்து வர்த்தமானி மாறியது. உடனே எங்கே அடக்குவது என்ற கேள்வி. முதலில் அரசு சுட்டிய இடம் கிளிநொச்சிக் கடலில் இருக்கும் இரணைதீவு. அங்கே இருப்பவர்கள், சொந்த மண்ணுக்குப் போராடித் திரும்பி வந்த தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள். அவர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தது நியாயம். ஒரு சிறுபான்மையின் ஜனாஸாவை இன்னொரு சிறுபான்மையின் முற்றத்தில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற யோசனை அது. பிறகுதான் கிழக்கு மாகாணத்தின் ஓட்டமாவடி முன்வந்தது. கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள், சூடுபத்தினசேனை மஜ்மா நகரில், மார்ச் 5இல் முதல் நல்லடக்கம் நடந்தது. 2022 மார்ச் மாதம் மற்ற மையவாடிகள் திறக்கப்படும்வரை ஒரு வருடம், நாட்டின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அங்கேதான். 3,600க்கு மேற்பட்ட உடல்கள். பெரும்பாலானவை முஸ்லிம்களுடையவை. ஆனால் பௌத்தர், இந்து, கிறிஸ்தவர் உடல்களும் அங்கே இருக்கின்றன. தகனத்தை விரும்பாத குடும்பங்கள் அந்தச் சமயங்களிலும் இருந்தன.

இன சமத்துவத்துக்கு இலங்கையில் ஒரு பிரதேச சபை எழுதிய சிறந்த பிரதி எது என்று கேட்டால் நான் ஓட்டமாவடி மையவாடியின் புதைகுழி இலக்கங்களைக் காட்டுவேன். அங்கே கருத்தா உண்டு: சபை. காணி உண்டு. தோண்டியவர்கள், இயந்திரம் ஓட்டியவர்கள், இரவில் விளக்குப் பிடித்தவர்கள் உண்டு. மதம் கேட்கப்படவில்லை. மண் கேட்டவருக்கு மண் கொடுக்கப்பட்டது. (இதை எழுதும்போது நானும் செயப்பாட்டுவினைக்குள் விழுகிறேன். சபை கொடுத்தது என்று எழுதுகிறேன்.) 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காகச் சமூகங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த மன்னிப்பில் அரசாங்கம் இருந்தது. ஏவிய நிபுணர் யார், ஏற்ற அமைச்சர் யார் என்ற பெயர் இருக்கவில்லை. கருத்தா பாதியில் நின்றுவிட்டார்.

ஒரு நகரத்தின் உறுதிமொழி இப்படி மொட்டையாகத்தான் இருக்க வேண்டுமா? எங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய நகரப் பட்டயத்தையே எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் எழுதப்பட்ட சஹீபா, இப்னு இஸ்ஹாக்கின் வழியாக இப்னு ஹிஷாமின் சீறாவில் எங்களுக்குக் கிடைக்கிறது. சீறா படிக்கிறவர்கள் அதன் கருத்தைச் சிலாகிப்பார்கள். நடையைக் கவனிப்பது குறைவு. அது ஒரு பட்டியல். பனூ அவ்ஃப், பனூ ஸாஇதா, பனூ ஹாரிஸ், பனூ ஜுஷம், பனூ நஜ்ஜார் என்று ஒவ்வொரு கோத்திரமாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றின் கீழும் நட்ட ஈட்டுக்கும் கைதியை மீட்பதற்கும் அந்தக் கோத்திரமே பொறுப்பு என்று ஒரே விதிமுறையைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது. பனூ அவ்ஃபின் யூதர்கள் விசுவாசிகளோடு ஒரே சமூகம், அவர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று சொல்லிவிட்டு, மற்றக் கோத்திரங்களின் யூதர்களுக்கும் அதுவே என்று மறுபடியும் பெயர் பெயராகப் போகிறது. நவீன வாசகனுக்கு அலுப்புத் தட்டும். 'அனைவரும்' என்ற ஒரு முற்றும்மை போட்டிருந்தால் பாதிப் பக்கம் மிச்சம். ஆனால் அந்த முற்றும்மையை எழுதினவர்கள் தவிர்த்திருக்கிறார்கள். பெயர் சொல்லப்பட்டவன் பிறகு வந்து 'என்னைச் சொல்லவில்லை' என்று சொல்ல முடியாது. அந்த நகரத்தின் பின்வரலாறு எவ்வளவு சிக்கலானது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரதி என்ற அளவில் இது எங்கள் தவிசாளர்களுக்கு ஒரு பாடமாகக்கூடியது.

தூரத்து உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகர நிர்வாகம் 2004இல் இன நீதிக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது கேள்விப் படிவம். ஒரு திணைக்களம் புதிய செலவையோ கொள்கையையோ கொண்டுவந்தால், இதனால் யாருக்கு நன்மை, யார் தலையில் சுமை, பாதிக்கப்படும் ஆக்களிடம் முன்கூட்டியே கேட்டீர்களா, பிறகு எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அதற்காக அந்த நகரத்தைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. அதே நகரத்தின் பொலிஸ், மிதமிஞ்சிய பலப்பிரயோகத்துக்காக 2012இல் மத்திய நீதித்துறையின் கண்காணிப்புக்குள் போனது. படிவம் நிரப்பினால் நீதி வந்துவிடாது. ஆனாலும் கேள்வியாக எழுதப்பட்ட கொள்கைக்கு ஒரு வசதி: பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இங்கேயும் ஒருமுறை எண்ணில் எழுதிப் பார்த்தோம். 2017ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத் திருத்தம் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் என்றது. அதற்கு முன் சபைகளில் பெண்கள் 2 வீதம் அளவில்தான் இருந்தார்கள். 2018 தேர்தலுக்குப் பின் ஐந்தில் ஒன்றைத் தாண்டினார்கள். 'பெண்களுக்கு உரிய இடம் வழங்கப்படும்' என்று எத்தனை வருடம் சொல்லியும் நகராத முள்ளை, 25 என்ற ஓர் எண் நகர்த்தியது. எங்கட ஊர்களில் வேட்பாளர் பட்டியல் போடக் கூடிய கூட்டங்களில் அந்த எண்ணைக் கேட்டு எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

எங்கட பக்கம் திரும்பியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பான்மை எப்போதும் கொழும்பில் மட்டும் இருப்பதில்லை. கல்முனை மாநகர சபையில் பெரும்பான்மை நாங்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரத்தோடு தரமுயர்த்த வேண்டும் என்று அங்குள்ள தமிழ் மக்கள் முப்பது வருடமாகக் கேட்டார்கள். 2019 ஜூனில் அந்தச் செயலகத்தின் முன்னால் உண்ணாவிரதம் இருந்தபோது, எங்கட ஆக்கள் அதற்கு எதிராக இன்னொரு பந்தலில் இருந்தார்கள். எல்லை, காணி, நிதி என்று எங்களுக்கும் நியாயமான அச்சங்கள் இருக்கின்றன. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தலில் பேசப்பட்ட வாக்கியங்களில் சில, மற்ற இடங்களில் எங்களைப் பற்றிப் பேசப்படும் வாக்கியங்கள்தாம். பெயர்ச்சொல் மட்டும் மாறியிருந்தது. அடுத்த வருடம் பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்து சில நாளில் மீளப்பெறப்பட்டது. அங்கே இரண்டு பக்கமும் முஸ்லிம்கள். ஆகவே எல்லாவற்றையும் 'இனம்' என்று எழுதிவிட முடியாது.

'இனம்' என்ற சொல்லே எங்களுக்குச் சபைக் கதிரையோடு சேர்ந்து வந்த சொல். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அரச ஆசியக் கழகத்தில் கட்டுரை வாசித்தார். சட்டசபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதி தேவையா என்ற விவாதம் நடந்த நேரம் அது. மறுவருடம் எம். சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பை எழுதினார். வம்சம், உடை, மொழி என்று இரண்டு பேரும் அடுக்கிய ஆதாரங்களுக்கு அடியில் கிடந்த கேள்வி ஒரு கதிரை. அந்த விவாதத்தின் முடிவாகத்தான் இன்றும் பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்' என்று எழுதுகிறோம். ஆனால் எழுத்திலக்கணத்தில் இனம் என்றால் வேறு. ஙகரத்துக்குக் ககரம் இனம், ஞகரத்துக்குச் சகரம் இனம். பிறக்கிற இடமும் முயற்சியும் ஒன்றாக இருப்பதால். ஒன்று மெல்லினம், மற்றது வல்லினம். குணத்தால் வேறு. இருந்தாலும் இனம். திருகோணமலை மாவட்டத்துக்கு இந்த இலக்கணம்தான் பொருந்தும்போல. 2012 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 40 வீதமளவில், தமிழர் 30க்குச் சற்று மேல், சிங்களவர் 27 அளவில். ஒருவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. எந்தச் சபையில் யார் கை மேலே என்பது ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கும் மாறும்.

இதை நான் எழுதுவது சல்லியிலிருந்து. நிலாவெளி வீதியால் வந்து, சாம்பல்தீவுப் பக்கம் கடலை நோக்கித் திரும்பினால் வருகிற மீனவக் கிராமம். முத்துமாரியம்மன் கோயிலால் பேர்போனது. 2004 சுனாமியால் அடிபட்டது. எங்கட பேச்சிலும் சிங்களத்திலும் சல்லி என்றால் காசு. பேரில் மட்டும்தான் இருக்கிறது என்று இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். திருவிழாவுக்குக் கடற்கரையில் கடைகள் முளைக்கும். வளையல் கடைக்காரரும் ஐஸ் விற்கிறவரும் எந்த ஊர், என்ன மதம் என்று கேட்கிற ஆளை நான் கண்டதில்லை. தங்கொட்டுவக் கடிதத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு இந்தக் கடற்கரைதான் மனதில் வந்தது. ஒரு தாள், ஒரு கையொப்பம் போதும் இதைக் கலைக்க.

எங்கள் சபையின் பெயர் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. ஆங்கிலப் பலகையில் 'கிறவெற்ஸ்' என்றிருக்கும். சிங்களத்தில் 'கடவத்'. பழைய நகரங்களின் எல்லைக் காவலை, உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பார்க்கிற வாசலைக் குறித்த சொல் அது. காலி நகரத்தின் நான்கு கிறவெற்ஸும் இதே சொல்தான். தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். காவல் வாசலை விட்டுவிட்டு 'சூழல்' என்று எழுதினார். 'பட்டினமும் சூழலும்' என்பதில் இருப்பது எண்ணும்மை.

அந்தச் சூழலில்தான் சல்லி இருக்கிறது. சமத்துவம் இங்கே எப்படி இருக்கும் என்று கேட்டால், கடற்கரைப் பாதையில் எரியாத விளக்கு எத்தனை, குப்பை வண்டி எத்தனை நாளைக்கு ஒருக்கால், கோரிக்கைக் கடிதத்துக்கு எந்த மொழியில் எத்தனை நாளில் பதில் என்பதுதான். தமிழ்க் கிராமத்துக்கும், முஸ்லிம் கிராமத்துக்கும், சிங்களக் குடியிருப்புக்கும் இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சபை வாசலில் ஒட்டட்டும். அதற்கு மேல் உறுதியுரை எதற்கு?

ஒட்டாவிட்டால் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரஜைக்கும் இந்த வழியைத் தந்திருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அடுத்த தவணை பத்தாம் வகுப்புக்குக் கடிதம் எழுதும் பயிற்சி வருகிறது. சுகவீன விடுமுறைக் கடிதத்தை எத்தனை வருடம்தான் எழுதுவது. பின்வரிசைப் பொடியனிடம் முதல் வரைவை ஒப்படைத்திருக்கிறேன். கேள்வி மூன்று: விளக்கு, குப்பை வண்டி, பதில் வந்த மொழி. கருத்தாவின் பதவிப் பெயரோடு பதில் தரவும் என்று கீழே ஒரு வரி அவனே சேர்த்திருக்கிறான்.